முப்பதா ஐம்பதா

ஆகஸ்டில் வேக்கோ.
பதினோரு மணிக்கே தொண்ணூற்றாறு டிகிரி.
பதினெட்டு ஏக்கர் கல்லறைத் தோட்டம்,
மூன்று இயந்திரங்கள், நான்கு பேர்.
புதன் மாலைக்குள் புல் வெட்டி முடிக்க வேண்டும்,
வியாழனன்று ஓர் அடக்கம்.

மூன்றாவது இயந்திரம் எண்ணெய் குடிக்கிறது.

முதல் வாரம் கால் குவார்ட்,
அடுத்த வாரம் அரை.
அளவுகோலை உருவித் துடைத்து
மறுபடி செருகி உருவிப் பார்த்தால்
நுனியில் மட்டும் ஒரு கறுப்பு,
அழுது முடித்த கண்ணில்
மிஞ்சிய மை அளவுக்கு.

கடைக்கார ஆர்வில் டீட்ஸ் சொன்னான்:
"பத்து-முப்பது மார்ச் மாதத்துக்கு.
இந்த வெயிலில் அது வெறும் தண்ணி."
எலாடியோ ஒப்புக்கொள்ளவில்லை.
"ஒற்றை முப்பது ஊற்று, பேசாமல் ஓட்டு.
பன்னிரண்டு கோடை அப்படித்தான் ஓட்டினேன்."
(அதில் இரண்டு என்ஜின் போனதை
அவன் கணக்கில் சேர்ப்பதில்லை.)

நெட்டி குபாலா, எங்கள் முதலாளி,
லாரியின் கதவில் சாய்ந்தபடி
கையேட்டைப் பிரித்தாள்.
எந்தச் சூட்டுக்கு எந்த எண்ணெய் என்று
பட்டை பட்டையாய் ஒரு படம்.
ஒவ்வொரு பட்டையும் நூறு டிகிரியில் நின்றது.
அதற்கப்புறம் தாளின் விளிம்பு.
விளிம்புக்கு அப்பால்
நாங்கள் நின்றுகொண்டிருந்தோம்,
நூற்றியேழில்.

கடைசியில் பதினைந்து-ஐம்பது, முழு சிந்தெடிக்.
குவார்ட் பதின்மூன்று டாலர் என்றதும்
நெட்டி ஒருமுறை கண்ணை மூடித் திறந்தாள்.
நான்தான் ஊற்றினேன்.
சனிக்கிழமை அவள் சம்பளம் எண்ணுவதுபோல
நிதானமாக இறங்கியது.

குடி குறைந்தது. நிற்கவில்லை.

புதன் பகல் இரண்டு மணி,
கிழக்கு மூலை, பழைய செக் கல்லறைகளின் வரிசை.
மூன்றாவதிலிருந்து தீய்ந்த வாடை.
நிறுத்தினேன்.
"கெட்டி எண்ணெய், நான் அப்போதே சொன்னேன்"
என்று எலாடியோ ஸ்பேனரோடு வந்தான்.
விசிறி மூடியின் நான்கு போல்ட்டையும் கழற்றித்
தூக்கியவன் பேச்சை நிறுத்திக்கொண்டான்.

இந்த என்ஜினுக்குத் தண்ணீர் கிடையாது,
காற்றுதான் அதற்குக் குளியல்.
காற்று போகவேண்டிய செதில்களுக்கிடையே
ஒரு பருவத்துப் புல், உலர்ந்து, இறுகி, பாய்போல.
அதன் நடுவே எலிக்கூடு.
பிப்ரவரியில் கொட்டகையில் கட்டியிருக்கும்.
கல்லறைகளிலிருந்து பொறுக்கிய
துணிப்பூவின் ரோஜா இதழ்கள்,
பஞ்சு,
தங்க எழுத்தில் பாதி மட்டும் தெரியும்
மலர்வளைய ரிப்பன்.
குடியிருந்தவர்கள் எப்போதோ காலிசெய்துவிட்டார்கள்.

எள் காய்வது எண்ணெய்க்கு.
கூடவே இந்த எலிப்புழுக்கை
ஐந்து மாதம் காய்ந்தது எதற்கு?

மூச்சுக்குத் திணறியதைத்
தாகம் என்று நினைத்து
ஊற்றி ஊற்றிக் கொடுத்திருக்கிறோம்.

கத்தி முனையால் சுரண்டி,
காற்றடித்து,
மூடியை மாட்டினோம்.
ரிப்பனை மட்டும் எலாடியோ எறியவில்லை.
எந்தக் கல்லுக்கு என்று தெரியாமல்
அருகிலிருந்த ஒன்றின்மேல்
சின்னக் கல்லொன்றை வைத்து அழுத்தினான்.

பதினைந்து-ஐம்பதை மாற்றவில்லை.
செப்டம்பர் முடியும்வரை அதுவே என்றாள் நெட்டி.
தினமும் காலையில், என்ஜின் சூடேறுமுன்,
மூடியைத் திறந்து ஒரு பார்வை,
பிறகுதான் அளவுகோல்.
ஆர்வில் கேட்டான்: "எண்ணெய்தானே பிரச்சினை?"
"பாதி" என்றாள்.
எந்தப் பாதி என்று அவன் கேட்கவில்லை.

வியாழக்கிழமை அடக்கத்தின்போது
வேலியோரம் தொப்பியைக் கழற்றி நின்றோம்.
அணைத்த என்ஜின்கள் மட்டும்
டிக், டிக் என்று ஆறிக்கொண்டிருந்தன.

எல்லாரும் கார்களுக்குத் திரும்பியபின்
இறந்தவரின் தங்கை எங்களை நோக்கி வந்தாள்,
கறுப்பு உடையில், குதிகால் புல்லில் புதைய.
சத்தத்தைக் குறை சொல்லத்தான் வருகிறாள்
என்று நினைத்தேன்.

"அண்ணன் ஒரு புல்வெட்டி வைத்திருந்தான்,
கொட்டகையில் நிற்கிறது.
அதற்கு என்ன எண்ணெய் போட்டான் என்று
கேட்டுவைக்கவில்லை" என்றாள்.
"இந்த வெயிலுக்கு எது நல்லது?"

மூன்று பேரும்
ஒரே சமயத்தில் வாயைத் திறந்தோம்.